ஹெட்லைட்டை மாற்றுகிறோம், அளக்கிறோமா?

விளக்குக் கம்பம் இல்லாத இருவழிச் சாலையில் இரவில் பைக் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளம், தெருநாய், நடுவில் படுத்திருக்கும் மாடு, வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை என்று பட்டியல் நீளும். எதிரே வரும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்ற புகார் வராமல் அந்தப் பட்டியல் முடியாது. புகார் சொல்கிறவரின் வண்டியிலேயே நிறுவனம் கொடுத்த பல்பு கழற்றப்பட்டு, கடையில் வாங்கிய வெள்ளை எல்இடி பல்பு ஏறியிருப்பதும் உண்டு. தன் விளக்கு தனக்கு வழிகாட்டுகிறது, அடுத்தவன் விளக்கு தன்னைக் குருடாக்குகிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டு கடந்து போகிறார்கள். எல்இடி நல்ல தொழில்நுட்பம்தான். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதுதான். ஆனால் புதிய விளக்கைப் பூட்டிய பிறகு அதன் ஒளி எங்கே போய் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி அரசும் கேட்பதில்லை. ஒளி விழும் இடத்தை அளந்து சரிசெய்த பிறகுதான் ஹெட்லைட் மாற்றும் வேலை முடிகிறது என்ற வழக்கம் பட்டறைக்கும் வர வேண்டும், அரசின் விதிக்கும் வர வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். அந்த ஆண்டு நாடெங்கும் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஒரு நாளில் அதிக விபத்துகள் பதிவாகும் நேரம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை. இத்தனையையும் கூசும் விளக்கின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. வேகம் இருக்கிறது, குடி இருக்கிறது, சாலையின் அமைப்பே தப்பாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. என்றாலும் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வலுவான ஒளி கண்ணில் அடித்து, அது கடந்து போன பிறகு மூன்று விநாடி எதுவும் சரியாகத் தெரியவில்லை என்றால், 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வயதானவர்களின் நிலை இதைவிட மோசம். 60 வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக் கண்ணை எட்டுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை தொடங்கியிருந்தால் உள்ளே நுழையும் ஒளியும் சிதறி, பார்வை முழுவதும் வெண்புகை படர்ந்தது போலாகிவிடும்.

மாற்றுகிறவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய பைக்குகளில் நெடுங்காலமாக இருந்து வந்தது 35 வாட் பல்பு. அதில் ஹெச்எஸ்1 என்ற வகை ஹாலஜன் பல்பு, டிம் எனப்படும் லோ பீமில் தருவது சுமார் 525 லூமென் ஒளி. புல்லட் போன்ற பெரிய வண்டிகளில் இருந்த 60/55 வாட் ஹெச்4 பல்பு தருவது சுமார் 1,000 லூமென். 60 கிலோமீட்டர் வேகத்தில் தடையைப் பார்த்து, மூளை உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்பதற்கு 50 மீட்டருக்கு மேல் ஆகும். அத்தனை தூரத்துக்கு ஒரு 35 வாட் பல்பு மழையில் நனைந்த கருந்தார்ச் சாலையைக் காட்டாது. விடியற்காலை சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவரும், ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து கிராமத்துக்குத் திரும்புகிறவரும் நல்ல விளக்கு கேட்பது ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவர்கள் போகும் சாலையில் விளக்குக் கம்பம் நட வேண்டியவர்கள் நடவில்லை. கேள்வி, அந்தத் தேவையை எப்படி நிறைவு செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பல்பை அல்ல, அதற்கு வந்து சேரும் மின்சாரத்தை. ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறையாது. அதைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு போய்விடும். பேட்டரி முனையில் 12.8 வோல்ட் இருந்து, ஹோல்டரில் 11.5 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால் பல்பின் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிட்டது என்று பொருள். அது தொலையும் இடங்கள் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்தவை: பச்சை பூத்த எர்த் முனை, தளர்ந்த கப்ளர், கைப்பிடியில் இருக்கும் டிம்-பிரைட் ஸ்விட்சின் தேய்ந்த பித்தளை. ஹெச்4 பல்பு 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கிறது, அதில் 1.3 வோல்ட் வழியில் விழுந்தால் ஆறு வாட் வெப்பம் ஒயரிலும் ஸ்விட்சிலும் கப்ளரிலும் உட்கார்ந்துகொள்ளும். கப்ளர் உருகி, பழுப்பேறி, நாற்றம் வருவது இப்படித்தான். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், முன்பு இரவில் மட்டும் சுட்ட ஒயர் இப்போது பகலிலும் சுடுகிறது.

இதற்குப் பரிகாரம் பழையது, எளியது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், அதன் தொடக்கத்திலேயே ஒரு பியூஸ், நடுவில் ஒரு ரிலே. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். உலகம் முழுவதும் ஒரே பொருள் தரும் ஜெர்மானியக் குறியீடு அது. 30-க்கு பேட்டரி மின்சாரம், 87-லிருந்து விளக்கு, 85-க்கு எர்த், 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் கட்டளை. பெரும் மின்சாரம் நேர் வழியில் போகும். ஸ்விட்ச் ரிலேயைத் தூண்டுவதற்கான சிறிய மின்சாரத்தை மட்டும் தாங்கினால் போதும். பேட்டரியிலிருந்து நேராகச் சக்தி எடுக்க முடிகிற வண்டியில் இந்த வேலையைச் செய்து, மங்கிய ரிஃப்ளெக்டரையும் மஞ்சளாகிப்போன முன்கண்ணாடியையும் மாற்றினால், நிறுவனம் கொடுத்த பல்பே கணிசமாக வெளிச்சம் தரும். ஆனால் கடையில் யாரும் மல்டிமீட்டரை எடுத்து இதைச் சோதிப்பதில்லை. வெளிச்சம் போதவில்லை என்று வருகிறவரிடம் ஒரு எல்இடி பெட்டியை நீட்டுவது சுலபம். பழைய ஒயரைச் சீவி, புதியதைச் சேர்த்து முறுக்கி, கருப்பு டேப் சுற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த முறுக்குக்குள் மழைநீர் இறங்கும். பியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த ஒயர் என்றாவது ஒருநாள் ஸ்டியரிங் திருப்பும் இடத்தில் உராய்ந்து உறை கிழிந்தால், மின்சாரத்தைத் தடுக்க அங்கே எதுவும் இருக்காது. அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

பழைய பைக்குகளில் இன்னொரு சிக்கல். அவற்றில் பலவற்றுக்கு ஹெட்லைட் மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. மேக்னெட் காயிலிலிருந்து ஏசியாக நேரே வரும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் விளக்கும் மங்குவது இதனால்தான். அந்த இணைப்பில் எல்இடியை மாட்டினால் அது நடுங்கும், சீக்கிரம் செத்தும் போகும். சரி, பேட்டரியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று மாற்றினால், அந்தச் சிறு பேட்டரியை நிரப்புவதற்கு ஒதுக்கிய காயிலின் பங்கு இந்தப் புதிய சுமைக்குப் போதாது. சில நாட்களில் ஹாரன் ஊமையாகும், செல்ஃப் எடுக்காது. காயிலையும் ரெக்டிஃபையரையும் சேர்த்து முழுமையாக மாற்றத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. பாதி தெரிந்தவர் கைவைத்தால் வண்டி நடுவழியில் நிற்கும்.

மின்சாரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இனிதான் முக்கியமான இடம். ஹெட்லைட் என்பது பல்பு மட்டும் இல்லை. பல்பும் அதன் பின்னுள்ள கிண்ணமும் சேர்ந்த ஒரு கருவி. ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்கு அடியில் நகத்தளவு உலோகத் தகடு ஒன்று வளைந்து நிற்கும். அந்த இழையின் ஒளி கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது தடுக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்டுத் திரும்பும் ஒளி கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. மேலே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு உருவாகி, அதற்கு மேல் இருட்டாகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தச் சிறு தகடுதான். கிண்ணத்தின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் புள்ளியை வைத்துக் கணக்கிடப்பட்டது. கிண்ணத்துக்கும் இழைக்கும் உள்ள தூரம் மூன்று சென்டிமீட்டர் என்றால், இழை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் 30 மீட்டர் தள்ளி ஒளி ஒரு மீட்டர் இடம் மாறிவிடும். இப்போது அதே துளைக்குள் எல்இடி பல்பைச் செருகுங்கள். இழை இருந்த இடத்தில் ஒரு தட்டையான பட்டையின் இரு புறமும் ஒட்டிய சில்லுகள். நடுவில் பட்டையின் தடிமன். சில மலிவுப் பல்புகளில் தடுப்புத் தகடே கிடையாது. கிண்ணம் தன் வேலையைச் செய்யும், ஆனால் அதற்குத் தெரிந்த இடத்தில் ஒளி இல்லை. வெட்டுக்கோடு கரைந்து, வெளிச்சம் மேலும் பக்கமும் பொங்கி வழிகிறது. டிம் அடித்தாலும் பிரைட் போட்டாலும் எதிரே நிற்பவருக்கு ஒன்றாகவே தெரிகிறது.

வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. சிதறிய ஒளியில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு ஐந்தாறு மீட்டருக்குள் வெள்ளையடித்தது போல விழும். பார்த்ததும் மனம் நிறைந்துவிடும். ஆனால் அருகில் அத்தனை வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கும். தூரத்து இருட்டில் நிற்பது முன்னைவிடக் குறைவாகவே தெரியும். காசு கொடுத்து வாங்கியது நிறைய வெளிச்சம். கிடைத்தது குறைந்த பார்வை. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையும் நம்ப வேண்டியதில்லை. இன்றைய எல்இடி வாட்டுக்கு 100 லூமென் தந்தாலே நல்லது. 20 வாட் இழுக்கும் பல்பு 2,000 லூமென் தரலாம். அதன் பெட்டியில் 10,000 என்று எழுதியிருந்தால் அது பொய். எந்தப் பக்கத்துச் சாலைக்குச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். பல லோ பீம்களில் ஒளிக்கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்து, நடந்து போகிறவரையும் மைல்கல்லையும் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த புரொஜெக்டர் விளக்கில் அந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். அதாவது நேராக எதிரே வருபவரின் முகத்தில். சீனாவும் வலப்பக்கம் ஓட்டும் நாடுதான் என்பதை அங்கிருந்து வரும் பொருளை வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் விளக்குகளுக்கு வருவோம். கிராஷ் கார்டில் இரண்டு குட்டி விளக்குகளை மாட்டிக்கொள்வது இப்போது பரவலான பழக்கம். ரிலேயின் 86-ஆம் முனைக்கான ஒயரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த விளக்கு பயனா, பாதகமா என்பது முடிவாகிறது. ஹை பீம் ஒயரிலிருந்து எடுத்தால், எதிரே வண்டி வரும்போது டிம் அடித்த அந்த நொடியே கூடுதல் விளக்குகளும் அணைந்துவிடும். ஓட்டுகிறவர் தனியாக எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். தனி ஸ்விட்ச் மட்டும் வைத்து நேராகக் கொடுத்தால், நகருக்குள் வந்த பிறகும், சிக்னலில் நிற்கும்போதும், முன்னால் போகும் ஆட்டோவின் கண்ணாடியிலும் அவை எரிந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றே. ஒரு ஒயரை எங்கே சேர்ப்பது என்ற முடிவு மட்டும்தான் வேறு. அந்த முடிவைப் பெரும்பாலும் யாரும் யோசித்து எடுப்பதில்லை. அதற்கும் முன்னால் ஒன்று: முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதை, பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்ற விதிவிலக்குகள் தவிர, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆம் விதி தடை செய்கிறது.

பல்பைத் தொடாதவரும் குற்றமற்றவர் என்று இருந்துவிட முடியாது. நம் ஊரில் பைக் என்பது குடும்ப வாகனம். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, பக்கத்தில் மூட்டை. இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.3 மீட்டர். ஆள் ஏறியதும் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால், ஹெட்லைட் 100 மீட்டருக்கு நாலு மீட்டர் வீதம் வானத்தைப் பார்க்கத் தொடங்கும். தனியாக ஓட்டும்போது நூற்றுக்கு ஒன்றரை மீட்டர் கீழே இறங்கும்படி சரியாக வைத்த ஒளிக்கோடு, அப்போது 25 மீட்டர் தள்ளி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும். எதிரே பைக்கில் வருபவரின் கண் இருக்கும் உயரம் அது. ஹெட்லைட்டின் இருபுறமும் உள்ள போல்ட்டைத் தளர்த்தியோ, அடியில் உள்ள ஸ்குருவைத் திருகியோ இதைச் சரிசெய்யும் வசதி அநேகமாக எல்லா வண்டியிலும் இருக்கிறது. பின் ஷாக் அப்சார்பரிலும் சுமைக்கு ஏற்ற படிகள் உண்டு. இரண்டையும் வாங்கிய நாளிலிருந்து தொடாமலே வைத்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? எதிரே உள்ளவரின் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி சொல்வதோடு, எங்கே நிற்பவரின் கண் என்பதையும் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரம், விளக்கின் வலப்பக்கம் அரை மீட்டர், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம். ஒரு டேப்பும் சுண்ணாம்புக் கட்டியும் இருந்தால் யாரும் சரிபார்க்கக்கூடிய விதி இது. நிறுவனம் குறித்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று கடுமை காட்டியது. காகிதத்தில் எதுவும் குறையில்லை. நடப்பில் என்ன? சொந்த உபயோக இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சான்றுக்காக அதை எங்கும் காட்ட வேண்டியதில்லை. 15 ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று அரசின் சார்பில் எவரும் பார்ப்பதில்லை. அவ்வப்போது காவலர்கள் சாலையில் நின்று ஹெட்லைட்டில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் ஒளி கிண்ணத்தில் பட்டுத் திரும்பி வருகிற ஒன்று என்பதால், முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டும் பொட்டு வெட்டுக்கோட்டை உண்டாக்காது. இருக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, கூசும் பங்கை அப்படியே விட்டுவிடும்.

எனவே அளவிடும் இடம் ஒன்று வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது. வாங்கி ஓராண்டு கடந்த, எஞ்சின் உள்ள எந்த வண்டியும் புகைப் பரிசோதனைச் சான்று எடுத்தாக வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் பங்க் ஓரத்தில் இருக்கும் அந்தப் பரிசோதனை மையத்தின் சுவரில், விளக்கின் உயரத்தைக் குறிக்கும் அளவுகோலும், தரையில் குறிப்பிட்ட தூரத்தில் ஒரு கோடும் வரைந்துவிட்டால் போதும். ஓட்டுகிறவர் வண்டியில் அமர்ந்தபடியே லோ பீம் போடட்டும். மோட்டார் சைக்கிள்களுக்கான ஐ.நா. விதியில் லோ பீம் 0.5 முதல் 2.5 விழுக்காடு வரை கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்ற அளவு இருக்கிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில், விளக்கின் உயரத்துக்குக் கீழே 5 முதல் 25 சென்டிமீட்டருக்குள் ஒளியின் மேல்விளிம்பு இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். விளிம்பே தெரியாமல் ஒளி பரவிக் கிடந்தால் அந்தப் பல்பு அந்தக் கிண்ணத்துக்குப் பொருந்தவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலே ஏறியிருந்தால் ஸ்பேனரால் இறக்கிவிடலாம். முழுச் சோதனைக்கும் ஒரு நிமிடம். பகலில் வெளிச்சம் தெரியாது என்றால் மேலே ஒரு தகரக் கூரையும் பக்கத்தில் ஒரு தார்ப்பாயும் போதும்.

வெளிநாடுகளும் தட்டுத்தடுமாறி இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில், ஹாலஜன் கூட்டில் எல்இடி பல்பு இருந்தாலே தோல்வி என்று 2021 தொடக்கத்தில் விதி வந்தது. சில வாரங்களில் மோட்டார் சைக்கிள்களுக்கு அதைத் தளர்த்தினார்கள்: எல்இடி என்ற ஒரே காரணத்துக்காகத் தோல்வி தரக்கூடாது, ஒளி விழும் விதம் சரியா என்று பாருங்கள் என்றார்கள். ஜெர்மனி வேறு வழியில் போனது. ஹாலஜன் கூட்டில் செருகும் எல்இடி பல்புக்கு 2020-இல் முதன்முதலாக அனுமதி தந்தபோது, எந்தெந்த வாகன மாடல்களின் கிண்ணத்தில் சோதித்து ஒளிக்கோடு சரியாக இருந்ததோ, அவற்றுக்கு மட்டும் அனுமதித்தது. இரண்டு நாடுகளும் கேட்ட கேள்வி ஒன்றே: ஒளி எங்கே விழுகிறது? பல்பின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது, நிறுவனமே எல்இடி பொருத்தி அனுப்பும் புதிய கார்களும் பைக்குகளும் கூசவைக்கின்றனவே என்பது. உண்மைதான். உயரமான கார்களின் விளக்கு, சின்னக் கார்களின் விளக்கைவிட பைக் ஓட்டுகிறவரின் கண் மட்டத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அதனால்தான் பல்பை யார் பொருத்தினார்கள் என்று கேட்கும் விதியைவிட ஒளியை அளக்கும் விதி மேலானது என்கிறேன். சுவரில் வரைந்த கோட்டுக்கு ஷோரூமும் தெரியாது, பட்டறையும் தெரியாது. ஐந்து லட்ச ரூபாய் பைக்கும் இருபது வருடப் பழைய டிவிஎஸ்50-யும் அதன் முன்னால் சமம். எதிரே வருபவர் டிம் அடிக்காதபோது நான் மட்டும் ஏன் அடங்கிப்போக வேண்டும் என்பது இன்னொரு வாதம். அவர் உங்களைக் குருடாக்கினால் உங்களுக்குச் சாலை தெரியாது. பதிலுக்கு நீங்களும் அவரைக் குருடாக்கினால், சாலை தெரியாத இருவர் ஒருவரை நோக்கி ஒருவர் வருகிறீர்கள். அதில் உங்களுக்கு என்ன லாபம்?

சோதனை என்று வந்தாலே லஞ்சம் வரும், ஏழைகள்தான் மாட்டுவார்கள் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. புகைச் சான்றிதழே சில இடங்களில் வண்டியைப் பார்க்காமல் அடித்துக் கொடுக்கப்படுகிறது என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. ஆகவே முதல் சில ஆண்டுகள் இதை அபராதத்தோடு கோக்கக் கூடாது. அளந்து, சரிசெய்து, அனுப்பிவிட வேண்டும். 5,000 ரூபாய் அபராதம் என்பது தினக்கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம். விளக்கை இறக்கி வைப்பதற்கு ஆவது ஒரு நிமிடம். அபராதம் போட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. சாலையில் பொருத்தினால் குற்றம் என்று சட்டம் சொல்லும் பொருளை, எந்தத் தர முத்திரையும் இல்லாமல், பொய்யான லூமென் கணக்கோடு, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் சிற்றூர் ஸ்பேர்ஸ் கடை வரை, இணையச் சந்தை உட்பட, எவரும் தடையின்றி விற்க முடிகிறது. வாங்கிப் பொருத்தியவர் குற்றவாளி, விற்றவர் வியாபாரி என்பது நீதியாகாது. மெக்கானிக்குகளின் பிழைப்பு கெடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. பல்பை மாற்றிக் கூலி வாங்குகிறவர், ரிலே போட்டு, பியூஸ் வைத்து, ஒளியை அளந்து கொடுத்தால் கூடுதல் கூலி கேட்கலாம். அந்த வேலைக்கு அது தகும். ஐடிஐ பாடத்தில் ஒயரிங்கோடு இந்த அளவையும் கட்டாயப் பயிற்சியாக்கினால் அடுத்த தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இது இயல்பாகவே கைவரும்.

போக்குவரத்துத் துறை மாவட்டத்துக்கு ஒரு மையத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். ஆணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை ஹெட்லைட்டை மாற்றினாலும், ஒயரைத் தொட்டாலும், பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைப் பட்டறைச் சுவருக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாகப் பின்னால் அமர்கிறவர் கூட வந்திருந்தால் அவரையும் ஏற்றிக்கொண்டு லோ பீம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே ஒரு சாணுக்குள் இல்லையென்றால், வேலை முடியவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.